யமபாலன் காத்த சதுர்த்தசி

சிராவகர் ஒழுக்கப் பாடம்: கொல்லாமை அணுவிரதம்

கொல்லாமை என்னும் அணுவிரதத்தைப் பிழையாது காத்துப் பெருஞ்சிறப்பு எய்தியவர் ஒருவரைச் சொல்லுங்கள் என்று நம் இல்லத்துப் பிள்ளைகளிடம் கேட்டால், அவர்கள் ஓர் அரசரையோ வணிகரையோ முனிவரையோதான் நினைப்பார்கள். ஆசாரியர் சமந்தபத்திரர் அவ்வாறு நினைக்கவில்லை. இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் ஐந்து அணுவிரதங்களுக்கும் முறையே ஐவரை அவர் எடுத்துக்காட்டுகிறார்: மாதங்கன், தனதேவன், வாரிஷேணன், நீலி, ஜயன். விரதங்களுக்கெல்லாம் வேராகிய கொல்லாமைக்கு அவர் முன்னிறுத்தும் மாதங்கன் யார்? அரசன் ஆணைப்படி மனிதரைக் கொன்று, அதற்குக் கூலி பெற்று வயிறு வளர்த்தவன். யமபாலன் என்பது அவன் பெயர்.

மூல நூலில் மாதங்கன் என்ற ஒரு சொல்லே உள்ளது. கதையைப் பிரபாசந்திரர் உரையிலேதான் விரிவாகக் காண்கிறோம். ஆராதனைக் கதைகளின் மரபிலும் இக்கதை உண்டு. பகவதி ஆராதனை இவனைக் குறிப்பிடுகிறது. இரத்தினகரண்டகத்தின் நெறியைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பை ஓதும் குடும்பங்களில் இக்கதை வாய்மொழியாகவும் வழங்கி வந்தது. எம் பாட்டியார் இதனை மேல்சித்தாமூர்த் தேருக்குச் செல்லும் மாட்டு வண்டியில் சொல்லக் கேட்டோம். பின்னர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் மாணவ ஆசிரியர்களுக்குக் கதை சொல்லும் முறையைக் கற்பித்த நாளில், மாதிரிப் பாடமாகப் பலமுறை இதனையே எடுத்தாண்டோம். ஆயினும் எழுபதைக் கடந்த இவ்வயது வரை இக்கதையை நாம் ஊன்றிப் படிக்கவில்லை என்பதை அண்மையில்தான் உணர்ந்தோம்.

உணர்த்தியவர் ஒரு பழைய மாணவர். பணியில் இருந்த காலத்தில், மாலை வேளைகளில் திண்டிவனத்தில் எம் வீட்டுத் திண்ணையில் தெருப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடும் எழுத்தும் சொல்லிக் கொடுப்பது வழக்கம். அப்பிள்ளைகளுள் ஒருவர் அவர். நம் சமயத்தார் அல்லர். ஊரும் பேரும் இங்கே வேண்டா. வாலிப வயதில் தீய கூட்டத்தோடு சேர்ந்தார். செய்தித்தாள்கள் கூலிப்படை என்று எழுதுகின்றனவே, அத்தகைய கூட்டம். சிறை சென்றார். வெளிவந்தபின் அவர்களை விட்டு விலகி, விழுப்புரத்தில் 'குட்டி யானை' என்று மக்கள் சொல்லும் சிறு சரக்கு வண்டி ஓட்டிப் பிழைத்து வந்தார். ஒன்பது ஆண்டுகள் அவ்வாறு கழிந்தன.

ஒரு நாள் மாலை, விளக்கு வைக்கும் நேரத்தில், மனைவியோடு எம் வாயிலில் வந்து நின்றார். அழைத்து வந்தவர் அம்மனைவியே என்பது பின்னர்த் தெரிந்தது.

"டீச்சர், பழைய ஆளுங்க சொல்லி அனுப்பியிருக்காங்க. ஒரே ஒரு வேலையாம். நான் எதையும் தொட வேணாமாம். வண்டி மட்டும் ஓட்டினா போதுமாம். முடியாதுன்னா, உன் பொண்ணு எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்குதுன்னு எங்களுக்குத் தெரியும்ங்கறாங்க. வண்டி மட்டும் ஓட்டினா அது பாவமா டீச்சர்?"

ஆசிரியத் தொழிலில் எத்தனையோ வினாக்களைச் சந்தித்திருக்கிறோம். இவ்வினாவுக்கு உடனே விடை வரவில்லை. இருவரையும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தோம். பின்பு, வேறு எதுவும் தோன்றாமையால், யமபாலன் கதையைச் சொன்னோம். வாசகர்களும் அதனை ஒருமுறை முழுமையாகக் கேட்பது நலம்.

சுரம்மிய நாட்டில் போதனபுரம் என்னும் நகரம். மன்னன் மகாபலன், அவன் மகன் பலகுமாரன். நந்தீசுவர அட்டமி வந்தது. அன்று தொடங்கி எட்டு நாள்கள் நாட்டில் எவ்வுயிரையும் கொல்லலாகாது என்று மன்னன் பறையறைவித்தான். புலால் சுவையை விட மாட்டாத அரசகுமாரன், யாரும் காணவில்லை என்று எண்ணி, அரண்மனைத் தோட்டத்தில் அரசனுக்குரிய ஆட்டுக்கிடாய் ஒன்றை மறைவாகக் கொன்று சமைத்து உண்டான். மரத்தின்மேல் இருந்த தோட்டக்காரன் அதனைக் கண்டான். இரவில் மனைவியிடம் அவன் சொல்லியதை ஒற்றன் ஒருவன் கேட்டு மன்னனுக்கு அறிவித்தான். என் ஆணையை என் மகனே மீறினானே என்று சினந்த மன்னன், "பலகுமாரனை ஒன்பது துண்டமாக வெட்டுக; யமபாலனை அழைத்து வருக" என்று கட்டளையிட்டான்.

யமபாலனுக்கு ஒரு முன்கதை உண்டு. ஒருகால் அவனைப் பாம்பு தீண்டியது. இறந்தான் என்று கருதிச் சுற்றத்தார் சுடுகாட்டில் விட்டுச் சென்றனர். சர்வௌஷதி என்னும் இருத்தி பெற்ற முனிவர் ஒருவரின் உடலைத் தொட்டுவந்த காற்றுப் பட்டு அவன் உயிர் பெற்றான். அம்முனிவரிடம் சதுர்த்தசி நாளில் எவ்வுயிரையும் கொல்வதில்லை என்ற ஒரு விரதத்தை ஏற்றான். மற்ற நாள்களில் அவன் தொழில் அவனோடு இருந்தது. அதனை நாம் மறைத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

காவலர் வந்த நாள் சதுர்த்தசி. அவர்கள் வருவதைத் தொலைவிலேயே கண்ட யமபாலன், மனைவியிடம் "நான் வேற்றூர் சென்றிருப்பதாகச் சொல்" என்று கூறி வீட்டு மூலையில் ஒளிந்துகொண்டான். காவலர் கேட்டனர், மனைவியும் அவ்வாறே சொன்னாள். அதற்குக் காவலர், "ஐயோ, நல்வினையற்றவன்! இன்று அரசகுமாரனைக் கொல்பவனுக்கு அவன் அணிந்த பொன்னும் மணியும் எல்லாம் கிடைக்குமே" என்றனர். அது கேட்ட அவள் மனம் ஆசைப்பட்டது. வாய், அவர் ஊரில் இல்லை என்றது. கை, மூலையைக் காட்டியது.

இழுத்து வரப்பட்ட யமபாலன், "இன்று சதுர்த்தசி, நான் கொல்ல மாட்டேன்" என்றான். மன்னன் முன் நிறுத்தினர். அங்கும் பாம்பு கடித்ததையும் முனிவரையும் விரதத்தையும் கூறி, அதையே சொன்னான். தீண்டத்தகாத இவனுக்கும் ஒரு விரதமா என்று மன்னன் வெகுண்டு, அரசகுமாரனையும் அவனையும் இறுகக் கட்டி, முதலைகள் வாழும் மடுவில் எறியச் செய்தான். விரதத்தின் பெருமையால் நீருறை தேவதை யமபாலனை நீர்நடுவே மணியாசனத்தில் இருத்திச் சிறப்புச் செய்தது. அதனை அறிந்த மகாபலன் அஞ்சி, அவனைத் தன் குடைநிழலில் நீராட்டிப் போற்றினான்.

வாரணாசியில் நடந்ததாகவும், குற்றவாளி அரசகுமாரன் அல்லன், ஒரு வணிகனின் மகன் என்றும் கூறும் வழக்கும் உண்டு. எம் பாட்டியார் சொன்னது போதனபுரத்துக் கதையே.

கதை முடிந்ததும் அம்மாணவர் சற்று நேரம் தலைகுனிந்திருந்தார். பின்பு, "அவனுக்குத் தேவதை வந்துச்சு டீச்சர். எனக்கு யாரு வருவா?" என்றார்.

இத்தனை ஆண்டுகளில் எந்த மாணவ ஆசிரியரும் இவ்வாறு கேட்டதில்லை. அவர்கள் சென்றபின் நூலை எடுத்து வைத்துக்கொண்டு மீண்டும் படிக்கத் தொடங்கினோம். படிக்கப் படிக்க, முன்பு கண்ணில் படாதவை பட்டன.

முதலில் பட்டது நாள் கணக்கு. நந்தீசுவர விழா ஆஷாடம், கார்த்திகம், பால்குனம் ஆகிய மாதங்களின் வளர்பிறை அட்டமியில் தொடங்கிப் பௌர்ணமியில் முடிவது என்பதை நம்மவர் அனைவரும் அறிவர். விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். அட்டமி முதல் நாள் என்றால் சதுர்த்தசி ஏழாம் நாள். ஆட்டைக் கொன்றதும் அந்த எட்டு நாள்களுக்குள்; கொலைத் தண்டனை விதித்ததும் அந்த எட்டு நாள்களுக்குள் என்றே கொள்ளக் கிடக்கிறது. எவ்வுயிரையும் கொல்லாதீர் என்று பறையறைவித்த மன்னன், தன் ஆணை நடப்பில் இருக்கும்போதே தன் மகனை வெட்டச் சொல்கிறான்! அரசகுமாரன் சுவைக்காக ஆணையை மீறினான். அரசன் சினத்தால் மீறினான். காவலர் கடமை என்று மீறத் துணிந்தனர். அந்நாட்டில் மன்னனின் ஆணையை ஏழாம் நாளும் மீறாது நின்றவன் கொலையாளி ஒருவனே. இதனை உரையாசிரியர் வெளிப்படையாகச் சொல்லவில்லை. வகுப்பில் சொல்லும்போது ஆசிரியரும் சொல்லிவிடலாகாது. பிள்ளைகளையே நாள்களை எண்ணச் செய்ய வேண்டும்.

அடுத்தது தொழில் என்னும் சொல். இல்லறத்தார்க்கு உண்டாகும் இம்சையை நால்வகையாகப் பிரித்துக் கூறுவது நம் மரபு: சங்கற்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி. சமையல், வீடு பெருக்கல் முதலியவற்றில் நேர்வது ஆரம்பி. உழவு, வாணிகம் போன்ற பிழைப்பில் நேர்வது உத்யோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. இவற்றை இல்லறத்தார் இயன்ற அளவு குறைக்க வேண்டும். கொல்ல வேண்டும் என்று கருதியே கொல்வது சங்கற்பி. இதனை முற்றும் விலக்க வேண்டும். இது என் தொழில், எனக்கும் இறப்பவனுக்கும் பகை ஒன்றும் இல்லை, கூலி வாங்குகிறேன், செய்கிறேன் என்று கூலிக்குக் கொல்பவன் கூறலாம். சினம் இல்லாமையால் குற்றம் குறைந்துவிடாதோ என்று ஒரு மாணவ ஆசிரியை முன்னொரு காலம் கேட்டதும் நினைவுக்கு வருகிறது. உழவனின் ஏர் புழுவைத் தேடிச் செல்வதில்லை. கூலிக்குக் கொல்பவனோ பெயரும் முகமும் அறிந்து, நேரம் குறித்து, தேடிச் செல்கிறான். அங்கே கருத்து முன்னே செல்கிறது. கை பின்னே செல்கிறது. பிழைப்பு என்ற பெயரால் அதனை உத்யோகியில் சேர்த்தல் ஒவ்வாது.

இனி அம்மனைவியின் கை. இப்பகுதியை முன்பெல்லாம் நகைச்சுவையாகவே சொல்லி வந்தோம், வகுப்பும் சிரிக்கும். இப்போது அதுவே கதையின் நடுவிடமாகத் தோன்றுகிறது. சமந்தபத்திரர் கொல்லாமை அணுவிரதத்தை வரையறுக்கும்போது, மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும், தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என்னும் மூன்று வகையிலும், கருதிக் கொல்லுதலை விலக்க வேண்டும் என்கிறார். மும்மூன்று ஒன்பது. மன்னன் ஒன்பது துண்டம் என்றது தற்செயலே ஆகலாம். ஆயினும் பிள்ளைகள் நினைவில் வைக்க அது உதவும். அம்மனைவி வாளைத் தொடவில்லை. ஒரு சொல்லும் சொல்லவில்லை. மொழி தூய்மையாக இருந்தது. மெய்யின் ஒரு சிறு பகுதியாகிய விரல் அசைந்தது. அவ்விரலால் ஒரு கொலைக்கு வழி திறந்தது. வண்டி மட்டும் ஓட்டினால் பாவமா என்று கேட்டவருக்கு விடை இங்கேதான் இருக்கிறது. வண்டி ஓட்டுதல் விரலை நீட்டுதலினும் பெரிது.

கூலி கொடுப்பவன் எங்கே நிற்கிறான் என்பதையும் இவ்வொன்பதில் வைத்துப் பார்க்க வேண்டும். தன் வீட்டு முற்றத்தில் அமர்ந்திருப்பவன், பணத்தை எண்ணிக் கொடுத்தவன், செய்வித்தலில் நிற்கிறான். பிறர் இறந்த செய்தி கேட்டு, அவனுக்கு வேண்டியதுதான் என்று மகிழ்பவன் உடன்படுதலில் நிற்கிறான். வாங்குவார் இருப்பதனால்தான் விற்பார் இருக்கின்றனர் என்று புலாலைக் குறித்து வள்ளுவப் பெருந்தகை உணர்த்திய கருத்து, மனித உயிரை விலைபேசுவோருக்கும் பொருந்தும்.

யமபாலன் மனைவியைப் பொய் சொல்லச் சொன்னானே, அது வாய்மை விரதத்திற்கு இழுக்கல்லவா என்பது வகுப்புதோறும் எழும் வினா. பெரும்பொய்யைத் தானும் சொல்லாமை, பிறரையும் சொல்லுவியாமை மட்டுமன்று, பிறருக்கு இடர் விளைக்கும் மெய்யையும் சொல்லாமை வாய்மை அணுவிரதம் என்பது அதே நூலின் வரையறை. எனவே காவலருக்கு உண்மையைச் சொல்லாமை குற்றமன்று என வாதிடலாம். எனினும் இன்னொருவரைக் கொண்டு பொய் சொல்வித்தது குறையே என்பது எம் துணிபு. கதையும் அக்குறையின் பயனைக் காட்டாமல் விடவில்லை. ஒளிந்திருந்தவரை அவனுக்குக் காப்பு இல்லை. வெளியே வந்து மாட்டேன் என்று தன் வாயால் சொன்னபின்பே அவன் சிறப்பு எய்தினான். அணுவிரதம் ஒன்றை மட்டும் ஏற்றவன், அதிலும் ஒரே நாளுக்கு ஏற்றவன், மற்ற நான்கிலும் நிறைந்திருப்பான் என்று எதிர்பார்ப்பது முறையன்று.

மறுநாள் காலை, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, அவ்விருவரோடு விழுப்புரத்தில் ஒரு வழக்கறிஞரைக் காணச் சென்றோம். அவர் சொல்லியவற்றுள் சில, பாடத்தோடு ஒட்டி நிற்பதால் இங்கே எழுதுகிறோம்.

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்திற்குப் பதிலாக 2024ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. பலர் பொதுக் கருத்தோடு ஒரு குற்றத்தைச் செய்தால், ஒவ்வொருவரும் தாமே தனியாக அதனைச் செய்தவர் போலப் பொறுப்பாவர் என்பது பழைய சட்டத்தில் 34ஆம் பிரிவு. புதிய சட்டத்தில் 3ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவு. கொலைக்கென்று அறிந்தே வண்டி ஓட்டியவனும் வெட்டியவனும் அங்கே ஒரே நிலையில் வைக்கப்படலாம். கூலிக்குக் கொலை செய்தலைப் புதிய சட்டத்தின் 111ஆம் பிரிவு, அமைப்புசார் குற்றங்களுள் ஒன்றாகப் பெயர் சுட்டியே சேர்த்திருக்கிறது.

எம்மை வியப்பில் ஆழ்த்தியது மற்றொரு பிரிவு. உடனே உயிர் போகும் என்ற அச்சுறுத்தலுக்கு ஆட்பட்டு ஒருவன் செய்த செயல் பொதுவாகக் குற்றமாகாது. ஆனால் கொலைக்கும், மரண தண்டனைக்குரிய அரசுக்கெதிரான குற்றங்களுக்கும் அவ்விலக்கு இல்லை. பழைய சட்டத்தில் இது 94ஆம் பிரிவு. புதியதில் 32ஆம் பிரிவு. அதாவது, கொல்லாவிட்டால் உன்னைக் கொல்வேன் என்று ஒருவன் கத்தியை நீட்டினாலும், அதனைக் காரணம் காட்டி நீ மூன்றாமவனைக் கொல்ல உனக்கு உரிமையில்லை என்கிறது சட்டம். வழக்கறிஞர் இதனைச் சொல்லியபோது நாமும் மாணவரும் ஒருவரையொருவர் நோக்கினோம். முதலை மடுவின் கரையில் யமபாலன் நின்ற இடம் அதுவே.

அரசின் ஆணையால் கொல்பவரையும் கூலிப்படையினரையும் ஒன்றாக வைத்தல் தகாது. முன்னவர் சட்டத்தின் ஊழியர். ஆயினும் தொழிலை விட்டவரை அத்தொழில் மீண்டும் அழைக்கும் விதத்தை அவர்கள் வாழ்விலும் காணலாம். கொல்கத்தாவின் அலிப்பூர் சிறையில் 2004ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள் ஒரு தூக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதற்கென, ஓய்வு பெற்றிருந்த நாட்டா மல்லிக் என்பவரை மீண்டும் வரவழைத்தார்கள். அப்போது அவர் எண்பதைக் கடந்த முதியவர். அவர் தந்தையார் செய்ததும் அதே தொழில். அவரை எவரும் கட்டி இழுத்து வரவில்லை. தம் பேரனுக்கு அரசு வேலை வேண்டும் என்று அவர் கேட்டார். 2009ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். வறுமையுள்ள வீட்டில் ஒரு வேலை என்பது காவலர் காட்டிய பொன்னுக்கும் மணிக்கும் குறைந்ததன்று. அவரைப் பழித்துரைக்க நமக்கு மனம் வரவில்லை.

திரைப்படங்களை எடுத்துக்காட்டுவது இவ்விதழுக்குப் புதிது, வாசகர் பொறுத்தருள்க. அடூர் கோபாலகிருஷ்ணன் 2002ஆம் ஆண்டில் எடுத்த 'நிழல்குத்து' என்னும் மலையாளப் படத்தை எம் மகள் வீட்டில் பார்க்க நேர்ந்தது. திருவாங்கூர் மன்னராட்சிக் காலத்தில் தூக்கிலிடும் தொழிலை உடைய காளியப்பன் என்பவனின் கதை அது. தூக்குக்கயிற்றை அவன் பூசையிடத்தில் வைத்திருக்கிறான். நோயுற்று வருபவர்களுக்கு அக்கயிற்றை எரித்த சாம்பலைப் பூசுகிறான். ஊரார் நலம் பெறுவதாக நம்புகின்றனர். அவனோ, குற்றமற்ற ஒருவனைத் தூக்கிலிட்டுவிட்டோமே என்ற நினைவு தாளாமல் குடியில் மூழ்குகிறான். அந்நிலையில் அடுத்த தண்டனைக்கு ஆணை வருகிறது. கொன்ற கயிறே மருந்தாகும் என்று நம்புகிற ஊர், அக்கயிற்றைப் பிடித்தவனின் நெஞ்சு எரிவதைக் காணவில்லை. மாதங்கனின் கையால் தன் காரியத்தை முடித்துக்கொள்ள எண்ணிய போதனபுரமும் அவ்வாறே அவனைத் தீண்டத்தகாதவன் என்றது.

இவ்விடத்தில் சமந்தபத்திரர் அதே நூலில் நற்காட்சியின் பெருமை கூறும் பகுதியை மறத்தலாகாது. மாதங்க உடலில் பிறந்தவனேயாயினும் நற்காட்சி உடையவனைத் தேவனாகக் கொள்வர் என்று கூறி, சாம்பல் மூடிய தணலை உவமையாகச் சொல்கிறார். விரதத்திற்கு எடுத்துக்காட்டும்போதும் மாதங்கன், நற்காட்சிக்குச் சொல்லும்போதும் மாதங்கன். பிறப்பையும் தொழிலையும் கண்டு ஊர் விலக்கிய ஒருவனை ஆசாரியர் இருமுறை அழைத்து முன்னே நிறுத்துகிறார். சண்டாளன் என்னும் சொல்லை வசையாக வழங்கும் வழக்கம் நம் வீட்டு முதியோரிடமும் உண்டு. அதனை இனியேனும் விட்டுவிட வேண்டும்.

தேவதை வினாவுக்கு வருவோம். யமபாலன் மாட்டேன் என்று சொல்லியபோது அவனுக்குத் தேவதை வரும் என்று தெரியாது. கதையை முடிவிலிருந்து படிக்கும் நமக்குத்தான் தெரியும். மணியாசனத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குச் சொல்வதனால், விரதம் காத்தால் பரிசு உண்டு என்று அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். பயிற்சிப் பள்ளியில் நாமும் அவ்வாறே கற்பித்தோம். அது எம் பிழை. மாதிரிப் பாடம் நடத்தும் ஆசிரியர், கட்டுண்டு கரையில் நிற்கும் இடத்தில் கதையை ஒருமுறை நிறுத்தி, வகுப்பைச் சற்று நேரம் அமைதியாக இருக்க விட வேண்டும். பின்பு கதையைத் தொடரலாம்.

ஒரு நாள் விரதம் அற்பமானதன்று என்பதையும் அப்போதுதான் விளக்க இயலும். சதுர்த்தசி திங்களுக்கு இருமுறை வருவது. ஆண்டுக்கு ஏறத்தாழ 24 நாள்கள். மற்ற நாள்களில் தொழிலைச் செய்தவனுக்கு, செய்யாதிருத்தல் எப்படி இருக்கும் என்பதை அந்த 24 நாள்கள் பழக்கின. மன்னன் முன் நின்று அவன் புதிதாக ஒன்றைத் துணியவில்லை. முன்பு பலமுறை பழகியதைத்தான் செய்தான். பயிற்சி என்னும் சொல்லுக்கு வாழ்நாள் முழுதும் பொருள் சொல்லி வந்த எமக்கு இது தாமதமாகவே புலப்பட்டது.

வழக்கறிஞர் ஒரு மனு எழுதிக் கொடுத்தார். அச்சுறுத்திய செய்தி வந்த நாள், நேரம், சொன்ன சொற்கள் எல்லாவற்றையும் மாணவரே தம் கையால் ஒரு தாளில் எழுதினார். எழுத்துப் பிழைகள் இருந்தன, நாம் திருத்தவில்லை. மனுவை அளிக்கும்போது பழைய குற்றவாளி என்று எவரேனும் எள்ளுவரோ என்று அவர் அஞ்சினார். தலைமையாசிரியர் அவர் பக்கத்திலேயே நின்றார். பெண் குழந்தை இப்போது வேறூரில் அத்தை வீட்டிலிருந்து பள்ளி செல்கிறாள். குறித்த அந்த வேலைக்கு அவர் செல்லவில்லை. அவர்கள் மீண்டும் வருவரோ மாட்டாரோ, அதனை இப்போது சொல்வதற்கில்லை. வண்டிக் கடன் தவணை நிலுவையில் இருக்கிறது. ஏற்றுமதி இறக்குமதி வேலை கொடுக்கக்கூடிய நெல் வணிகர்கள் நம் வாசகர்களுள் இருப்பின், இதழ் அலுவலகத்தின் வழியாக எமக்கு எழுதலாம்.

அவர் மனைவியைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் விடுதல் முறையன்று. ஒரே வேலைக்குத் தருவதாகச் சொன்ன தொகை, அவர்கள் கடன் முழுவதையும் அடைக்கப் போதுமானதாம். தொலைபேசியில் அதனைக் கேட்டவர் அவரே. கேட்ட அன்றே கணவரை அழைத்துக்கொண்டு எம் வீட்டுக்கு வந்தார்.

சென்ற மாதம் அவர்கள் வந்திருந்தபோது, நாள்காட்டியில் சதுர்த்தசி எந்தெந்த நாள் என்று அம்மாணவர் கேட்டார். பென்சிலால் வட்டமிட்டுக் கொடுத்தோம். ஒரு நாள் விரதம் உங்களுக்கு எதற்கு, நீங்கள்தாம் எல்லா நாளும் விட்டுவிட்டீர்களே என்றோம். "எல்லா நாளும்னு நெனச்சா பயமா இருக்கு டீச்சர். அடுத்த வட்டம் வரைக்கும்னு நெனச்சா போயிட முடியுது" என்றார்.

வாய்மை அணுவிரதத்திற்கு எடுத்துக்காட்டாகிய தனதேவன் கதையை அடுத்த இதழில் காண்போம். அதற்குள் பிள்ளைகள் வீட்டு நாள்காட்டியில் இவ்வாண்டின் நந்தீசுவர நாள்களைக் குறித்து, அவற்றுள் சதுர்த்தசி எத்தனையாவது நாளாக அமைகிறது என்று எண்ணிப் பார்த்து எழுதி அனுப்புக.